கண்ணாடிக் கூடு

கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்த பெரியம்மா, தேளைக் கண்டவள் போல டப்பென்று மூடினாள்.

"சின்னவளே, இங்க வா."

சின்னவள் சமையலறையில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையை உடுப்பில் துடைத்தபடி கூடத்துக்கு வந்தாள். சுவரோரக் கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். நேற்று பிற்பகல் வேலையிலிருந்து வந்து, வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு செருப்பைக் கழற்றினாள். இன்னொன்றைக் கழற்றவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தவள் பிறகு எழவேயில்லை.

"உங்கம்மாவுக்குக் கண்ணாடி போட்டுவிடலாம்னு பார்த்தேன். கண்ணாடி இல்லாம என் தங்கச்சி முகம் யாரோ மாதிரி இருக்கு. கூட்டைத் திறந்தா கண்ணாடியைக் காணோம். இது இருக்கு. என்னடி இது?"

பெரியம்மா கூட்டை மறுபடி திறந்து நீட்டினாள். உள்ளே வெள்ளை பிளாஸ்டிக்கில் சின்னதாக ஒரு பொருள். மேலே மூக்கில் வைக்கும்படி ஒரு முனை, கீழே கட்டை விரலால் அழுத்துவதற்கு ஒரு குமிழ்.

அம்மாவின் கண்ணாடி ஏன் எப்போதும் கீறலாகவே இருந்தது என்பது சின்னவளுக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. அம்மா கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி ஏப்ரன் பையில் போட்டுக்கொள்வாள். அதே பையில் சாவிக்கொத்தும் கிடக்கும். "கூடு எதுக்கும்மா வாங்கினோம், அழகு பார்க்கவா?" என்று சின்னவள் எத்தனையோ முறை சலித்துக்கொண்டிருக்கிறாள். "கூட்டுக்கு வேற வேலை இருக்குடி" என்பாள் அம்மா. அது அம்மாவின் வழக்கமான நக்கல் என்றே அவள் நினைத்திருந்தாள்.

"மருந்து, பெரியம்மா."

"யாருக்கு?"

சின்னவளின் கண்கள் அவளைக் கேட்காமலே பின்னறைக் கதவுக்குப் போயின.

"அதானே பார்த்தேன். மகனோட போதையைப் பெத்தவளே பொத்திப் பொத்தி வெச்சிருந்திருக்கா. எங்கே கேட்கணுமோ அங்கே கேட்டுக்கிறேன்." பெரியம்மா கூட்டைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

சின்னவளிடம் பதில் இருந்தது. அது போதையில்லை, போதையில் மூச்சு நின்றவரை எழுப்புவது. ஆனால் அவளுடைய பதில்கள் எப்போதும் தொண்டைவரை வந்து அங்கேயே குடியிருந்துவிடும். பள்ளிக்கூடத்தை அவள் பாதியில் விட்டதும் அதனால்தான். எழுந்து நின்று படி என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், வகுப்பே சிரிக்கும். இப்போது அம்மா வேலை பார்த்த அதே ஹோட்டலின் கீழ்த்தளத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அங்கே இயந்திரங்கள் போடும் இரைச்சலில் யாரும் யாரையும் பேசச் சொல்வதில்லை.

அவள் கதவின் பின்னால் தொங்கிய ஏப்ரனில் கை விட்டுக் கைக்குட்டையை எடுத்தாள். பிரித்து, கண்ணாடியை அம்மாவுக்குப் போட்டுவிட்டாள். முகம் திரும்பி வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் 'என்னடி எல்லாரும் என்னையே பார்க்கிறீங்க, வேலை இல்லையா?' என்று கேட்டுவிடுவாள் போலிருந்தது.

பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

குளியலறைக்குள்ளிருந்து பெரியப்பா விடாமல் இருமும் சத்தம் வந்தது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அதற்கு ஆளுக்கொரு வழி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா ஒரு காலால் கதவை முட்டுக் கொடுத்துக்கொண்டே குளித்தாள். பெரியப்பா இருமினார்.

"ஊர்ல இல்லாத வீடு" என்றாள் பெரியம்மா. "ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போட நாதியில்லையா?"

தாழ்ப்பாள் இருந்தது. அதன் திருகாணி ஓட்டைகள் கதவில் இன்னும் இருக்கின்றன.

அக்கா ஒரு காலத்தில் இந்த வீட்டின் மூத்த மகனாக இருந்தவள். அதில் அவளுக்கு மூச்சு முட்டியது. தான் பெண் என்று அவள் சொன்ன நாளில், மற்றவர்கள் பேசாமல் போனார்கள், அம்மா மட்டும் வெகுநேரம் அழுதுவிட்டு, "பெரியவளே, சாப்பிட வா" என்றாள். ஆனால் அதற்கு முன்பே போதை ஊசி அவளைப் பிடித்திருந்தது. ஒரு முறை பெரியம்மாதான் முன்னின்று ஊருக்கு வெளியே ஒரு திருத்தும் விடுதியில் கொண்டுபோய் விட்டாள். அங்கே முடியை வெட்டினார்கள், ஆண்கள் கூடத்தில் போட்டுப் பூட்டினார்கள். மாதங்கள் கழித்து அக்கா இளைத்து, அமைதியாக, ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். திருந்திவிட்டான் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அந்த வாரமே குளியலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. உடம்பு பழைய பழக்கத்தை மறந்திருந்தது. கை மட்டும் பழைய அளவை மறக்கவில்லை.

அம்மா கதவை உடைத்தாள். ஆஸ்பத்திரியில் இவளைப் பெண்கள் வார்டில் போடுவதா ஆண்கள் வார்டில் போடுவதா என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, தொப்பி போட்ட குட்டையான ஒருவர் வந்து தள்ளுகட்டிலின் பக்கத்தில் நின்று, "உன்னை எப்படிக் கூப்பிடணும்மா?" என்று அக்காவிடமே கேட்டார். எல்லோரும் அவரைக் கேப்டன் என்றார்கள். எந்தக் கப்பலுக்கு என்று யாருக்கும் தெரியாது. அவரும் ஒரு வீட்டில் மகளாக வளர்ந்து, ஊசியிலும் தெருவிலும் கிடந்து, பிறகு தன் வழியில் ஆணாக எழுந்து வந்தவர்.

டயர்க் கடைக்கு மேலே அவரைப் போல மீண்டு வந்தவர்கள் நடத்தும் இடத்துக்கு அம்மாவை அழைத்துப் போனார். அதற்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் வருபவர்கள் அதை 'மாடி' என்றுதான் சொல்வார்கள்.

"ஊசியை நிறுத்திட்டுத்தான் வரணுமா?" என்று அம்மா கேட்டாள்.

"நிறுத்தினாலும் வரலாம், நிறுத்தலைன்னாலும் வரலாம். உசுரோட வரணும், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அக்கா தினமும் முற்பகலில் மாடிக்குப் போய், நர்ஸின் முன்னால் ஒரு சின்னக் கோப்பை மருந்தைக் குடித்து, குடித்துவிட்டேன் என்று காட்ட இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவாள். அந்த மருந்து உடம்பின் நடுக்கத்தைப் பிடித்து வைத்தது. அக்கா ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். முடி வளர்ந்தது. அப்படியும் சில நாள் சறுக்குவாள். சறுக்கினால் மறைக்க மாட்டாள். "அம்மா, இன்னிக்குக் கதவை அடிக்கடி தட்டுங்க" என்பாள்.

கதவு தட்டுவது அம்மாவின் தொழில். ஹோட்டலில் அறை சுத்தம் செய்பவர்களுக்கு அது முதல் பாடம். தட்டு, யார் என்று சொல், காத்திரு, மறுபடி தட்டு, அப்புறம்தான் சாவி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அம்மா மிச்சமிருந்த தாழ்ப்பாளையும் சமையலறைக் கத்தியால் திருகிக் கழற்றிவிட்டு, வீட்டிலும் அதே பாடத்தைத் தொடங்கினாள்.

"ஹவுஸ்கீப்பிங்!"

"இன்னும் சாகலை!" என்று உள்ளேயிருந்து அக்கா கத்துவாள். முதலில் அது கோபமாக வந்தது. போகப் போகக் கேலியாயிற்று. பிறகு காலை வணக்கம் போல ஆகிவிட்டது.

"அப்ப வெளியே வா, டீ ஆறுது."

சின்னவள் பின்னறைக்குள் போனாள். அக்கா தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். மடியில் அம்மாவின் ஒற்றைச் செருப்பு. கட்டிலின் மேல், பெரியம்மா வாங்கி வந்த வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு மகனாக முன்னால் நிற்கலாம், இல்லையென்றால் கூட்டத்தோடு பின்னால் நிற்கலாம் என்பது பெரியம்மாவின் தீர்ப்பு.

"அக்கா, மாடிக்கு நேரமாச்சு."

"போகலை."

"போகணும்."

"மாடியில மருந்து கொடுக்கிறது நடுப்பகலோட முடிஞ்சிடும். வண்டியும் அப்பத்தான் வருது. நான் அங்கே வரிசையில நிக்கும்போது இவங்க அம்மாவைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. பெரியம்மா அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க."

"அப்படியெல்லாம்..."

"ஒரு நாள்தானே சின்னு. தாங்கிக்குவேன்."

அக்காவின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. கால் பெருவிரல் அதுவாகவே ஆடிக்கொண்டிருந்தது. அக்கா செருப்பின் வாரை நீவினாள்.

"மாடியில சொல்லிக் கொடுத்த மாதிரியேதான் செஞ்சேன். தலையைச் சாய்ச்சு, மூக்கைப் பிடிச்சு, வாயில ஊதினேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடலை. எனக்குக் கொடுத்தாங்க, வந்துச்சு. நான் கொடுத்தேன், வரலை. இது என்ன நியாயம்னு சொல்லு."

மருந்து இல்லாத ஒரு நாள் என்பது என்ன என்று சின்னவளுக்குத் தெரியும். பொழுது சாயும்போது எலும்புக்குள் வலி இறங்கும். வீடு காலியாக இருக்கும். ரயில் பாலத்துக்குக் கீழே வலியைத் தீர்த்து வைப்பவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். திரும்பி வந்து குளியலறைக்குள் போனால், கதவைத் தட்ட அம்மா இல்லை.

அவள் கேப்டனுக்குப் போனில் எழுதினாள். வாயைவிட விரல்கள் அவளுக்குச் சொன்னதைக் கேட்கும். உடனே பதில் வந்தது. 'நர்ஸைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கிறேன். எப்படியாவது கூட்டிட்டு வா.'

கூடத்துக்கு வந்து பெரியம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"பெரியம்மா, வண்டி கொஞ்சம் லேட்டா..."

"என்ன முணுமுணுக்கிற? சத்தமாச் சொல்லு."

"ஒண்ணுமில்ல."

"அவன் சட்டையைப் போட்டானா?"

"இல்ல."

"பெத்தவ கிடக்கிறா, இப்பவும் பிடிவாதம். கேட்டா அந்த மருந்துக் கடைக்கு வேற போகணும்பான். ஒரு நாள் போகலைன்னா உசுரா போயிடும்?"

பெரியப்பா இருமிக்கொண்டே குளியலறையிலிருந்து வெளியே வந்தார். வெளியே வந்ததும் இருமல் நின்றுவிட்டது.

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. பின்பக்கம் அம்மாவுக்கு இடமும், இரு பக்கமும் உட்கார நீள இருக்கைகளும் இருந்தன. ஓட்டுநர் பெரிய உடம்புக்காரர். மெல்லிய குரல். "இந்தப் பக்கம் எனக்கு வழி பழக்கமில்லைங்க. தெரிஞ்சவங்க யாராவது முன்னாடி வந்துடுங்க" என்றார்.

பெரியம்மாவும் பெரியப்பாவும் வேறு ஊர்க்காரர்கள். வண்டியில் ஏறுபவர்களில் இந்த ஊர் தெரிந்தவர்கள் அக்காவும் சின்னவளும்தான்.

"நீ போய் உட்காரு" என்றாள் பெரியம்மா சின்னவளிடம். "வாயைத் திறந்து வழி சொல்லு. கல்யாணப் பொண்ணு மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டே போய் எங்களை வேற எங்கேயாவது கொண்டுபோய் இறக்கிடாதே."

அக்கா பின்னால் ஏறி அம்மாவின் தலைப் பக்கம் உட்கார்ந்தாள். கம்பளிச் சட்டையோடுதான். பெரியம்மா எதிரே உட்கார்ந்தாள். அக்காவைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பின்னால் ஹோட்டல்காரர்களின் வேன் வந்தது.

நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. நேரே போனால் இடுகாடு. இடது பக்கம் திரும்பினால் கடைத்தெரு.

"நேராத்தானே போகணும்?" என்றார் ஓட்டுநர்.

சின்னவள் கடைத்தெருப் பக்கம் பார்த்தாள். பச்சை விழுந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"இடது பக்கம்" என்றாள்.

அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அவளே திடுக்கிட்டாள். வண்டி திரும்பியது.

முதுகுக்குப் பின்னால் இருந்த சின்ன ஜன்னல் தட்டப்பட்டது. "இது எந்த வழிடி?"

"குறுக்கு வழியா இருக்கும், விடு" என்று பெரியப்பாவின் குரல் கேட்டது.

"குறுக்கு வழியில யாராவது காய்கறிக் கடை வெச்சிருப்பாங்களா?"

தெரு குறுகிக்கொண்டே போனது. தள்ளுவண்டிகள் ஒதுங்கின. அடுக்கி வைத்த கறுப்பு டயர்களுக்கு முன்னால் வந்ததும் சின்னவள், "இங்க நிறுத்துங்க" என்றாள்.

"இங்க எதுக்கும்மா? டயரெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

அவள் இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அக்காவை மட்டும் பார்த்தாள்.

"இறங்குக்கா. மேல போய்க் குடிச்சிட்டு வா. அம்மா இருப்பாங்க."

"சின்னு..."

"நீ வர்ற வரைக்கும் வண்டி நகராது. வழி எனக்கு மட்டும்தான் தெரியும்."

அக்கா அம்மாவின் கையைத் தொட்டுவிட்டு இறங்கினாள். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"அடி ஊமைக்கோட்டான்!" பெரியம்மா இறங்கி வந்தாள். "காலையிலேருந்து வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருந்துட்டு, பெத்தவளைக் கொண்டாந்து நடுத்தெருவுல நிறுத்துறியா? யாரு கொடுத்த தைரியம்டி?"

சின்னவள் நகரவில்லை. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வரத் தொடங்கினார்கள். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கேப்டன் முதலில் வந்தார். பின்னால் மிக உயரமான ஒரு பெண், முகத்தில் பாதி சவரம் செய்து பாதியில் விட்டிருந்தாள். தலை துவட்டாமல் ஈரம் சொட்ட ஒருத்தி. கண் செருகி, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருத்தி. அவளை இன்னொருத்தி தோளில் தாங்கிக்கொண்டாள். யாரும் அவளை மேலேயே இருக்கச் சொல்லவில்லை. எல்லோரும் திறந்த கதவின் முன்னால் வந்து நின்றார்கள்.

அப்போது சின்னவளுக்கு அந்த வாசனை அடித்தது. எலுமிச்சை வாசனை. ஹோட்டல் அறைகளில் வைக்கும் குட்டிச் சோப்பு. தங்கியவர்கள் பிரிக்காமல் விட்டுப்போனவற்றை அம்மா மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். வீட்டில் அவ்வளவு சோப்பு இருந்ததில்லை. எங்கேதான் போகிறதோ என்று சின்னவள் நினைத்ததுண்டு. இப்போது ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போக, அம்மா பல முறை அவளைத் தாண்டிப் போனாள்.

"யாரு இங்கே பெரியாள்?" என்று கேட்டாள் பெரியம்மா.

"சொல்லுங்கம்மா" என்றார் கேப்டன்.

பெரியம்மா கைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீங்க கொடுத்ததுதானே இது? போதைக்கு மருந்துன்னு சொல்லிப் போதையையே கொடுக்கிறீங்களா? என் தங்கச்சியை ஒளிச்சு வைக்கச் சொன்னது யாரு?"

கேப்டன் கூட்டுக்குள் பார்த்தார். அவர் முகம் என்னவோ போல ஆனது. "இதுக்குள்ளேயா வெச்சிருந்தாங்க?" என்றார். பிறகு, "இது மயக்குறது இல்லம்மா. எழுப்புறது. போதை அதிகமாகி மூச்சு நின்னு போச்சுன்னா, மூக்குல வெச்சு ஒரு அழுத்து. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள மூச்சு திரும்பிடும்."

"போதை எடுக்காதவங்களுக்குத் தெரியாம அடிச்சிட்டா?"

"ஒண்ணும் ஆகாது. அதனாலதான் வீட்டு ஆளுங்க கையில கொடுக்கிறோம். உங்க தங்கச்சி இந்தப் படிக்கட்டுலேயே ஒருத்திக்கு அடிச்சு எழுப்பியிருக்காங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்" என்று அந்த உயரமான பெண் வகுப்பில் ஆஜர் சொல்வது போலக் கையைத் தூக்கினாள். "கண்ணைத் திறந்தா, அவங்க என் மேல உட்கார்ந்து திட்டிக்கிட்டிருந்தாங்க. 'இவ்வளவு நீளமா இருந்தா எங்கேயிருந்துடி மூச்சு ஏறி வரும்'னு."

யாரோ சிரித்தார்கள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அது அம்மா பேச்சுதான், சந்தேகமே இல்லை. பெரியம்மாவின் உதடுகூட ஒரு பக்கம் இழுத்தது. உடனே அதை நேராக்கிக்கொண்டாள்.

"எனக்கு அவ ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள்.

பெரியம்மா கூட்டை மூடினாள்.

"நான்தான் கொண்டுபோய் அந்த விடுதியில விட்டேன். நல்லாயிட்டான்னுதானே அனுப்பினாங்க. வந்து ஒரு வாரத்துல..." பெரியம்மா நிறுத்தினாள். "கதவை உடைச்சேன்னு மட்டும் சொன்னா. ஏன்னு நான் கேட்கலை."

"நல்லதுன்னு நினைச்சுத்தானே விட்டீங்க" என்றார் கேப்டன்.

படிக்கட்டில் அக்கா வந்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தெருவில் நின்ற கூட்டத்தையும் திறந்திருந்த வண்டியையும் ஒரு நொடி நின்று பார்த்தாள். யாரும் கிளம்பிப் போயிருக்கவில்லை. கூட்டம் வழிவிட்டது. பெரியம்மாவும் ஒரு அடி ஒதுங்கினாள்.

வண்டி கிளம்பும்போது ஓட்டுநர், "இனியாவது நேரா போகலாமாம்மா?" என்று கேட்டார்.

"போகலாம்" என்றாள் சின்னவள்.

இடுகாட்டில் மாடிக்காரர்கள் பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தார்கள். குழியின் விளிம்பில் நின்று பெரியப்பா, "பெரிய பிள்ளை முன்னாடி வா" என்றார். அக்கா பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா தன் கால் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கா கம்பளிச் சட்டையின் கையை மடித்துவிட்டு முதல் பிடி மண்ணை அள்ளினாள்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது பெரியம்மா கேப்டனோடு ஒரு மரத்தடியில் தனியாக நின்று பேசிக்கொண்டிருந்ததைச் சின்னவள் தூரத்திலிருந்து பார்த்தாள். சண்டை போடுகிறாளோ என்று பயமாக இருந்தது. கை நீட்டிப் பேசினாள், தலையை ஆட்டினாள், மறுபடி என்னவோ கேட்டாள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் வீடு காலியானது. பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். மறுநாள் பஸ்ஸில்தான் அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். காலியான கட்டிலில் யாரும் உட்காரவில்லை.

"குளிச்சிட்டு வர்றேன்" என்று அக்கா துண்டை எடுத்துக்கொண்டு போனாள். கதவு சாத்தும் சத்தம். தண்ணீர் விழும் சத்தம்.

சின்னவள் டீ போட்டாள். அம்மாவின் தம்ளரையும் சேர்த்து எடுத்துவிட்டு, திரும்ப வைத்தாள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக் கூடு இன்னும் பெரியம்மாவிடம்தான் இருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று அவள் பொழுதெல்லாம் யோசித்திருந்தாள். மருந்து குடித்திருக்கிறாள், ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அம்மாவும் தினமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பாள். சொல்லிக்கொண்டே போய்க் கதவைத் தட்டியிருப்பாள்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். அதற்குள் கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு கதவில் தடதடவென்று இடி. அம்மாவின் தட்டல் இல்லை. கடன்காரன் தட்டுவது போல ஒரு தட்டல்.

சின்னவள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பெரியம்மா குளியலறைக் கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

பெரியம்மா மறுபடி தட்டினாள். இந்த முறை விரல் கணுவால், கொஞ்சம் மெதுவாக. "பெரியம்மாதான்" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பெரியவளே. உள்ளே இருக்கியா?"

தண்ணீர் நின்றது.

ஒன்றும் கேட்கவில்லை. சின்னவளின் கால் தானாக ஒரு அடி முன்னால் வந்தது.

"இன்னும் சாகலை" என்றது உள்ளிருந்து ஒரு குரல். அழுதுகொண்டிருந்த குரல்தான். ஆனால் நன்றாகத் தெளிவாக இருந்தது.

"அப்ப சீக்கிரம் வா. வயசானவ எவ்வளவு நேரம்தான் அடக்கிக்கிட்டு இருக்கிறது?"

சொல்லிவிட்டுப் பெரியம்மா மடியில் இருந்த அம்மாவின் கூட்டைத் திறந்து, அந்த வெள்ளைப் பொருளை எடுத்து, கையை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தாள். கிட்டே கொண்டுவந்தும் பார்த்தாள்.

"சின்னவளே, எழுத்து பொடிசா இருக்கு. என் கண்ணாடியை எடுத்துட்டு வா. கைப்பையில இருக்கு."

சின்னவள் கூடத்துக்குப் போய்க் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். பெரியம்மாவின் கண்ணாடிக் கூடு மேலாகவே இருந்தது. பழுப்பு நிறத்தில், அம்மாவுடையதைவிடப் பெரியது. எடுத்துத் திறந்தாள். உள்ளே கண்ணாடி இல்லை. புதிதாக, உறை பிரிக்காத இன்னொரு வெள்ளைப் பொருள் இருந்தது.

கண்ணாடி பையின் அடியில், வீட்டுச் சாவிகளோடு, ஒரு கைக்குட்டைக்குள் கிடந்தது. அவள் கைக்குட்டையைப் பிரித்தாள். கண்ணாடியின் ஒரு பக்கத்தில் அதற்குள்ளாகவே மெல்லியதாக ஒரு கோடு விழுந்திருந்தது. உடுப்பின் நுனியால் அதைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.